வருத்தத்தை எங்கே வைப்பது?

போக்கர் உத்திப் புத்தகங்களைப் படித்தால் ஆட்டம் முன்னேறுமா? கேட்பதற்குச் சாதாரணக் கேள்விதான். நீச்சல் புத்தகம் படித்தால் நீச்சல் வருமா என்பதைப் போல. 'கொஞ்சம் புத்தகத்தில் வரும், மீதி பழக்கத்தில் வரும்' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஆனால் இந்தப் புத்தகங்கள் மற்றவற்றிலிருந்து இரண்டு விஷயங்களில் வேறுபடுகின்றன. ஒன்று, புத்தகம் உதவியதா என்பதைப் படித்தவர் தன் அனுபவத்தை வைத்துக் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம். இரண்டு, அது உதவியிருந்தால் அந்த உதவி எதிரில் உட்கார்ந்திருப்பவரின் பையிலிருந்து வந்தது. முதலாவது கணக்கு, இரண்டாவது அறம். இந்த இரண்டும் எங்கோ ஓரிடத்தில் முட்டிக்கொள்கின்றன என்பது என் எண்ணம். அந்த இடத்தைத் தேடிப் பார்க்கலாம்.

எனக்கு இதில் உள்ள தொடர்பைச் சொல்லிவிடுகிறேன். வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், வீடு திருமுல்லைவாயலில். பொறியியல் படித்த, கோட் எழுதிப் பிழைக்கிற ஆறு பேர் சனிக்கிழமை இரவுகளில் ஒரு நண்பரின் ஃபிளாட்டில் பிளாஸ்டிக் சிப்ஸ் வைத்துப் போக்கர் ஆடுகிறோம். காசு கிடையாது. கடைசியில் தோற்பவர் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித்தர வேண்டும். அவ்வளவுதான் பந்தயம். ஆறு பேரும் போக்கர் புத்தகங்கள் படித்தவர்கள்.

*

அந்தப் புத்தகங்களில் என்ன இருக்கிறது? 1970களின் இறுதியில் டாயில் பிரன்சன் 'சூப்பர் சிஸ்டம்' என்ற தடிமனான புத்தகத்தைக் கொண்டுவந்தார். 1976, 1977 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றவர். அதுவரை ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் வைத்திருந்த ரகசியங்கள் முதன்முறையாகப் பெரிய அளவில் அச்சில் வந்தன. பிறகு டேவிட் ஸ்க்லான்ஸ்கி வந்து போக்கரை ஒரு கோட்பாடாகவே எழுதினார். 1995இல் அதே முதன்மைப் போட்டியை வென்ற டான் ஹாரிங்டனின் புத்தக வரிசை 2004இல் தொடங்கியது. 2006இல் பில் சென்னும் ஜெராட் அங்கன்மனும் எழுதிய 'போக்கரின் கணிதம்' வந்தபோது, விஷயம் கிட்டத்தட்டக் கல்லூரிப் பாடப்புத்தகம் ஆகிவிட்டது.

இவற்றின் சாரம் ஒரு சின்னக் கணக்கில் அடங்கும். உங்கள் கையில் இரண்டு ஹார்ட்டின், மேஜையில் திறந்திருக்கும் மூன்று சீட்டில் இரண்டு ஹார்ட்டின் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒன்று வந்தால் ஐந்தும் ஒரே இனம், பெரும்பாலும் ஜெயிப்பீர்கள். நீங்கள் பார்க்காத சீட்டு 47. அதில் ஹார்ட்டின் 9. அடுத்த சீட்டில் வருவதற்கான வாய்ப்பு சுமார் 19 சதவீதம். நடுவில் 100 சிப்ஸ் கிடக்கிறது, எதிராளி 50 வைக்கிறார். 150ஐ ஜெயிக்க நீங்கள் 50 போட வேண்டும். நான்கில் ஒரு முறையாவது சீட்டு வந்தால்தான் கட்டுப்படியாகும். இங்கே ஐந்தில் ஒரு முறைதான் வரும். பின்னால் எதிராளியிடமிருந்து இன்னும் நிறையக் கறக்க முடியும் என்று தோன்றாவிட்டால் சீட்டைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். அவர் 20 மட்டும் வைத்திருந்தால் கதை வேறு. ஏழில் ஒரு முறை வந்தாலே போதும், தாராளமாகப் போடலாம்.

இதை யாரும் மறுக்க முடியாது. ஜெயித்தாலும் தோற்றாலும் 47இல் 9 என்பது 47இல் 9தான். இந்த அளவில் புத்தகம் உண்மையைச் சொல்கிறது, அந்த உண்மை பயன்படுகிறது.

நல்ல புத்தகங்கள் எல்லாமே அழுத்திச் சொல்கிற இன்னொரு பாடம், பெரும்பாலான கைகளை ஆடாமல் கீழே வைத்துவிடு என்பது. நம்ம ஊரில் ரம்மி ஆடுகிறவர்களுக்கு இதற்குப் புத்தகமே வேண்டாம். கை சரியில்லையென்றால் ஆரம்பத்திலேயே 'ஸ்கூட்' விட்டு 20 பாயின்ட்டோடு வெளியே வருவது, கடைசிவரை இழுத்துக்கொண்டு போய் 80 வாங்குவதைவிட மேல் என்று கல்யாண வீட்டு மாடியில் சீட்டாடிய எந்தப் பெரியப்பாவும் சொல்லிவிடுவார். ஆனால் தெரிவது வேறு, செய்வது வேறு. மூன்று மணி நேரமாக ஒன்றும் ஆடாமல் உட்கார்ந்திருப்பவருக்கு எந்தக் கையும் நல்ல கையாகத்தான் தெரியும்.

*

இப்போது முதல் சிக்கலுக்கு வருவோம். புத்தகம் படித்தேன், ஆட்டம் முன்னேறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 'ஜெயிக்கிறேனா என்று பார்த்தால் போச்சு' என்பீர்கள். இதற்கு ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதிப் பார்த்தேன்.

போக்கரில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு பேர் கட்டாயமாகக் கொஞ்சம் வைத்தாக வேண்டும். அதில் பெரியதற்கு 'பிக் பிளைண்ட்' என்று பெயர். 100 ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை பிக் பிளைண்ட் லாபம் என்பதுதான் ஆட்டக்காரரின் மார்க். 100க்கு 5 என்றால் நன்றாக ஆடுபவர். ஆனால் அந்த 100 ஆட்டத்துக்குள் ஏற்ற இறக்கம் 90 பிளைண்ட் அளவுக்கு இருப்பது சகஜம். சராசரி 5, அலைவு 90. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நன்றாக ஆடும் இவரை 10,000 ஆட்டம் ஆடவிட்டால், 100இல் சுமார் 29 தடவை நஷ்டத்தில்தான் முடிக்கிறார். அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், 100க்கு 5 வீதம் தோற்கிற மோசமான ஆட்டக்காரர் 100இல் 29 தடவை லாபத்தில் முடிக்கிறார். 10,000 ஆட்டம் என்றால் எவ்வளவு நேரம்? எங்கள் சனிக்கிழமை மேஜையில் மணிக்கு 28 ஆட்டம் ஓடினால் அதிகம். நான்கு மணி நேரத்தில் 112. ஆக, கிட்டத்தட்ட 90 சனிக்கிழமைகள். இரண்டு வருடம் விடாமல் ஆடிய பிறகும், நாம் தேறினோமா தேறவில்லையா என்று சொல்ல முடியாது. ஒரு லட்சம் ஆட்டம் ஆடினால் தெளிவு வரும். நல்ல ஆட்டக்காரர் நஷ்டப்படுவது 100இல் 4 தடவையாகக் குறையும். அதற்கு 17 வருடம் ஆகும்.

நீச்சலில் இந்தத் தொல்லை இல்லை. தப்பாகக் கை வீசினால் தண்ணீர் உடனே மூக்கில் ஏறும். கோட் எழுதுவதில்கூட, தப்பு செய்தால் நிரல் எங்கோ உடைந்துவிடும். போக்கரில் தப்பாக ஆடியவருக்குப் பரிசும், சரியாக ஆடியவருக்கு அடியும் சர்வ சாதாரணமாகக் கிடைக்கும். அனுபவமே சிறந்த ஆசிரியர் என்பார்கள். இங்கே அந்த ஆசிரியர் விடைத்தாளைக் காற்றில் பறக்கவிட்டு மார்க் போடுகிறார்.

*

அப்படியானால் இயந்திரங்கள் எப்படிக் கற்றுக்கொண்டன? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு ஒன்று, இருவர் ஆடும், பந்தய அளவு வரையறுக்கப்பட்ட போக்கர் வகையைத் தீர்த்துவிட்டோம் என்று 2015இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது. 4,800 செயலிகள் இரண்டு மாதத்துக்கு மேல் ஓடின. 2017இல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ், பந்தய வரம்பில்லாத இருவர் ஆட்டத்தில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 ஆட்டங்களில் வென்றது. இவை எந்தப் புத்தகத்தையும் படிக்கவில்லை. தமக்குத்தாமே ஆடிக் கற்றன.

கற்ற முறையின் பெயர்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அதைத் தமிழில் 'நடக்காதவற்றுக்கான வருத்தத்தைக் குறைத்தல்' என்று சொல்லலாம். கணினித் துறையில் 'ரிக்ரெட்' என்பது ஓர் எண். ஒவ்வொரு முடிவிலும் இயந்திரம் கேட்கிறது: நான் இதைச் செய்தேன், அதற்குப் பதில் அதைச் செய்திருந்தால் சராசரியாக எவ்வளவு கூடக் கிடைத்திருக்கும்? அந்த வித்தியாசத்தைக் கூட்டிவைக்கிறது. எந்தச் செயலைச் செய்யாததற்கு வருத்தம் அதிகமோ, அடுத்த முறை அதை அதிகம் செய்கிறது. கோடிக்கணக்கான முறை இப்படி வருத்தப்பட்டால் நல்ல ஆட்டம் வந்துவிடுகிறது.

நமக்கும் வருத்தம் உண்டு. ஆனால் நாம் வருத்தப்படுவது விளைவுக்காக. 'அந்த ஹார்ட்டின் வந்திருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்' என்பது நம் வருத்தம். ஹார்ட்டின் வராததற்கு நான் எந்தவிதத்திலும் பொறுப்பில்லை. 50 சிப்ஸைப் போட்டதற்கு மட்டும்தான் பொறுப்பு. இயந்திரத்தின் வருத்தம் முடிவின் மேல் உட்காருகிறது, நம் வருத்தம் கடைசிச் சீட்டின் மேல்.

உத்திப் புத்தகங்களின் உண்மையான பயனை இங்கே வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நல்ல புத்தகம் படிப்பவரின் வருத்தத்தை விளைவிலிருந்து எடுத்து முடிவின் மேல் வைக்கப் பழக்குகிறது. தோற்ற பிறகும் 'சரியாகத்தான் ஆடினேன்' என்று தூங்கப் போகவும், ஜெயித்த பிறகும் 'அது தப்பு' என்று குறித்துவைக்கவும் சொல்லித்தருகிறது. இது சாதாரண விஷயமில்லை. சீட்டாட்டத்துக்கு வெளியேயும் உதவக்கூடிய பழக்கம்.

இதோடு கட்டுரையை முடித்துவிடலாம். 'புத்தகம் பயனுள்ளது' என்று ஸ்டார் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் அந்த முடிவு என்பது எங்கே தொடங்குகிறது?

*

எங்கள் மேஜையில் நடந்ததைச் சொல்கிறேன். முதலில் இரண்டு பேர்தான் புத்தகம் படித்தவர்கள். அவர்கள் பிரியாணி வாங்கியதே இல்லை என்கிற மாதிரி இருந்தது. பிறகு மற்ற நான்கு பேரும் படித்தோம். எல்லோரும் யோசித்து ஆட ஆரம்பித்தோம், ஆட்டம் மெதுவானது, பேச்சு குறைந்தது. பிரியாணி பழையபடி ஆறு பேருக்கும் சுற்றிச் சுற்றி வந்தது. எல்லோருடைய ஆட்டமும் உயர்ந்தது. யாருடைய நிலையும் மாறவில்லை.

ஆறு பேரும் சமையல் புத்தகம் படித்திருந்தால் ஆறு வீட்டிலும் சாப்பாடு ருசித்திருக்கும். போக்கர் புத்தகத்தின் பயன், அடுத்தவர் அதைப் படிக்காதவரைதான். காசு வைத்து ஆடும் இடத்தில் இதோடு இன்னொன்றும் சேரும்: மேஜை போட்டவரின் பங்கு. அதற்கு 'ரேக்' என்று பெயர். ஆறு பேர் ஆளுக்கு 500 ரூபாயோடு உட்காருகிறார்கள். மேஜையில் மொத்தம் 3,000. சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு நடுவில் 60 ரூபாய் சேர்கிறது, அதில் 5 சதவீதம் மேஜைக்காரருக்கு என்று வைத்தால், ஆட்டத்துக்கு 3 ரூபாய். 1,000 ஆட்டத்தில் 3,000. முதலில் கொண்டுவந்த அத்தனை பணத்துக்கும் சமமான தொகை மேஜைக்காரரிடம் போய்ச் சேர்ந்துவிடும். ஆறு பேரும் ஸ்க்லான்ஸ்கியைக் கரைத்துக் குடித்தவர்களாக இருந்தாலும் இதேதான்.

ஆகவே முதல் முடிவு, 50 சிப்ஸைப் போடுவதா வேண்டாமா என்பது கிடையாது. இந்த மேஜையில் உட்காருவதா வேண்டாமா என்பது. நல்ல புத்தகங்கள் இதையும் சொல்லத்தான் செய்கின்றன: உன்னைவிடப் பலமானவர்கள் இருக்கும் மேஜையை விட்டு எழுந்து போ, கணக்கு எழுதி வை, இழக்க முடிந்ததை மட்டும் கொண்டு வா. ஆனால் இதெல்லாம் சில பக்கங்கள். எப்படி ஆடுவது என்பதற்கு நூற்றுக்கணக்கான பக்கங்கள். ஆடலாமா என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்ற அனுமானத்தில்தான் புத்தகத்தின் முதல் அத்தியாயம் தொடங்குகிறது.

*

நம் நாட்டில் 'திறமை' என்ற சொல் நீதிமன்றப் படிகளில் நிறைய ஏறி இறங்கியிருக்கிறது. ரம்மி முக்கியமாகத் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது. எந்தச் சீட்டு விழுந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைப் போடுவது என்று தெரிய வேண்டும் என்பது காரணம். போக்கரை அதிர்ஷ்ட ஆட்டம் என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு 2021இல் கொண்டுவந்த தடைச் சட்டத் திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. பிறகு நீதிபதி சந்துரு குழு, 2022 அக்டோபரில் அவசரச் சட்டம், 2023 ஏப்ரலில் முழுச் சட்டம். அந்தச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் வைத்திருந்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலை மட்டும் நீக்கியது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டம் செய்தது.

போக்கரில் திறமை இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1,20,000 ஆட்டங்களில் இயந்திரம் அதைக் காட்டிவிட்டது. திறமையால் ஒருவர் சம்பாதிப்பதைத் தடுக்க அரசு யார் என்ற கேள்வியும் அற்பமான கேள்வியல்ல. என் கவலை வேறு. நிறுவனத்துக்குக் கேடயமாக இருந்த அந்தச் சொல், தோற்றவரின் வீட்டுக்குள் வரும்போது குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது.

எங்கள் தெருவில் ஒருவர். எஸ்டேட்டில் சிஎன்சி மிஷின் ஓட்டுகிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். 2024 தொடக்கத்தில் ஒருநாள் கேட்டார்: "தம்பி, நீ சீட்டாட்ட புக்கெல்லாம் படிக்கிறியாமே. ரம்மிக்கு நல்ல புக்கு ஒண்ணு இருந்தா குடேன்."

"எவ்ளோண்ணா போயிருக்கு?"

"அது கெடக்கு விடு. ஆட்டம் நல்லாத்தான் வருது. கடைசி ரெண்டு மூணு சீட்டுலதான் தப்பு பண்றேன். அத மட்டும் சரி பண்ணிக்கிட்டா போதும்."

அந்த 'தப்பு பண்றேன்'தான் விஷயம். 2003இல் தடை வரும்வரை தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்றது. அதில் பணத்தை விட்டவர் ராசி இல்லை என்றார், விதி என்றார், கடைக்காரரைத் திட்டினார். 'நான் சரியாக ஆடவில்லை' என்று சொல்ல அங்கே இடமில்லை. திறமை ஆட்டத்தில் தோற்றவருக்கு அந்த ஆறுதல் இல்லை. அவர் பணத்தை இழக்கிறார், கூடவே தன் மதிப்பையும் இழக்கிறார். இரண்டையும் மீட்க அவருக்குத் தெரிகிற ஒரே இடம் அதே மேஜை. அவர் கேட்ட புத்தகம் உண்மையிலேயே அவருடைய கடைசி மூன்று சீட்டைச் சரிசெய்திருக்கும். அதனால்தான் அதைத் தர எனக்குக் கை வரவில்லை.

அதற்குப் பதில், அந்தப் புத்தகங்களிலேயே இருக்கிற ஒரு பக்கத்தை மட்டும் சொன்னேன். "ஒரு நோட்டு வாங்குங்கண்ணா. ஆட்டத்தப் பத்தி ஒண்ணும் எழுத வேணாம். போட்டது எவ்ளோ, திரும்ப பேங்குக்கு வந்தது எவ்ளோ. ரெண்டே காலம்."

ஐந்து வாரம் கழித்து நோட்டைக் காட்டினார். போட்டது 14,500. வந்தது 3,200. "ஜெயிச்சதெல்லாம் ஞாபகம் இருக்கு தம்பி. அந்தக் காசு பேங்குக்கு வரவே இல்லியே" என்றார். ஜெயித்த பணம் அடுத்த ஆட்டத்துக்குள் போயிருந்தது. அவர் உடனே நிறுத்திவிடவில்லை. குறைந்தது, பிறகு கூடியது. 2025இல் செயலிகள் பண ஆட்டங்களை மூடியபோது, "நான் நிறுத்த வேண்டியதில்ல, அவங்களே நிறுத்திட்டாங்க" என்றார். குரலில் கோபமில்லை. எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்தவருக்கு யாரோ ஒரு நாற்காலி போட்ட மாதிரி இருந்தது.

*

திருக்குறளின் 94ஆவது அதிகாரம் சூது. அது தோல்வியைப் பற்றிய எச்சரிக்கையோடு தொடங்காமல், வெற்றியைப் பற்றிய எச்சரிக்கையோடு தொடங்குகிறது. ஜெயித்தாலும் வேண்டாம், அந்த வெற்றி மீன் விழுங்கிய தூண்டில் என்கிறது. என் பைத்தான் நிரலும் வேறு மொழியில் அதைத்தான் சொன்னது: மோசமாக ஆடுபவரில் 100க்கு 29 பேர் ஜெயித்துக்கொண்டிருக்கிறார்கள், தாங்கள் தேறிவிட்டதாக நம்பிக்கொண்டு.

மகாபாரதத்தில் தருமனுக்குச் சூதாடப் பிடிக்கும், ஆனால் ஆடத் தெரியாது. சகுனி அவனைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். வனவாசத்தில் பிருகதசுவர் என்ற முனிவர் அவனுக்கு நளன் கதையைச் சொல்கிறார். நாடிழந்த நளன், இருதுபன்னன் என்ற அரசனுக்குத் தேரோட்டுகிறான். வழியில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் இலைகளையும் காய்களையும் அரசன் எண்ணிச் சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. அரசனுக்கு எண்ணும் கலையோடு சூதின் நுட்பமும் தெரியும். குதிரைக் கலைக்கு மாற்றாக நளன் அதைக் கற்கிறான். கற்றதும் அவனைப் பிடித்திருந்த கலி வெளியேறுகிறது. நம் மரபின் முதல் உத்திப் புத்தகம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். கதை முடிந்ததும் முனிவர் அந்த வித்தையைத் தருமனுக்கும் கற்றுத்தருகிறார்.

ஆக, ஆட்டத்தின் அறிவே தீங்கு என்று அந்தக் கதை சொல்லவில்லை. அறிவு வந்ததும் பீடித்திருந்தது விலகுகிறது. ஆனால் நளன் பிறகு என்ன செய்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புட்கரனோடு ஒரே ஒரு ஆட்டம் ஆடினான். நாட்டை வென்றான். தோற்றவனை மன்னித்து அவன் பங்கைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினான். அதோடு காயைக் கீழே வைத்தான். நடத்துபவர் பங்கு எடுக்காத மேஜை, ஒரே ஆட்டம், எழுந்துபோகத் தெரிந்த ஆட்டக்காரன். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் வித்தை பயன்பட்டது.

எனவே ஒரு போக்கர் புத்தகத்தைக் கையில் எடுப்பவருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அது சொல்லும் கணக்கை விளைவைப் பார்க்காமல் சரிபார்க்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாத அறிவுரையை, எழுதியவர் எத்தனை கோப்பை வாங்கியிருந்தாலும், ஒரு அடி தள்ளியே வையுங்கள். உங்கள் வருத்தத்தைக் கடைசிச் சீட்டிலிருந்து முடிவுக்கு நகர்த்துகிறதா என்று பாருங்கள். நகர்த்தினால் நல்ல புத்தகம். பிறகு அதே கேள்வியைப் புத்தகத்தின் முதல் பக்கத்துக்கும் முன்னால் கொண்டுபோய், உட்காரலாம் என்று யார் எப்போது முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள். பிரியாணிக்கு ஆடுகிறவருக்கு இதற்குப் பதில் சுலபம். சம்பளத்தை வைத்து ஆடுகிறவருக்கு அந்தக் கேள்வியை எந்த ஆசிரியரும் முதல் அத்தியாயமாக எழுதித்தரப்போவதில்லை. ஐந்து ரூபாய் நோட்டு ஒன்றில், இரண்டு காலம் கோடு போட்டு, அவரேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.